தங்கதுரையின் கையும் சாமியைச் சுற்றிய ஒரு சாண் இடமும்

உங்கள் காரின் ஸ்டீரிங்கைப் பிடித்த கை ஒரு நாள் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டால் நீங்கள் முதலில் எதைச் சோதிப்பீர்கள்? வண்டியையா, அல்லது அதை ஓட்டுகிறவர் எந்தத் தெருக்காரர் என்பதையா?

அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். எலவனாசூர்கோட்டைக்குப் பக்கத்தில் கரும்பும் மரவள்ளியும் போட்டிருக்கும் பச்சமுத்துவும் தெருவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "உன் கை வேர்வை அப்பிடிடா, தொர" என்றுதான் சொன்னார். நம் நாட்டில் சாதியை யாரும் சாதி என்று சொல்வதில்லை. கைராசி என்பார்கள், வாடை என்பார்கள், எங்கள் வீட்டுப் பழக்கம் என்பார்கள். வேர்வையும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

அந்தக் கைக்குச் சொந்தக்காரர் தங்கதுரை. வயது முப்பத்தெட்டு. ஊருக்குக் கிழக்கே, ஏரிக்கரையைத் தாண்டிய காலனியில் வீடு. அவருடைய அப்பா, பச்சமுத்துவின் அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். தங்கதுரை அதே நிலத்தில் டிராக்டர் ஓட்டக் கற்று, உரிமம் எடுத்து, பதினொரு வருடமாகப் பச்சமுத்துவுக்கு ஓட்டுநராக இருந்தார்.

ஓட்டுவதில் அவருக்கென்று சில பிடிவாதங்கள் உண்டு. வேகத்தடையில் பின்சீட்டில் இருப்பவரின் தலை ஆடக் கூடாது. வெயிலில் நின்ற வண்டியை எடுத்தால் நான்கு கண்ணாடியையும் இறக்கி, உள்ளே வெந்துகிடக்கும் காற்றை வெளியே துரத்திவிட்டுத்தான் ஏசியைத் தொடுவார். முன்கண்ணாடிக்கு நனைத்த செய்தித்தாள்தான், துணி கிடையாது. பதினொரு வருடத்தில் அவருடைய சக்கரத்தில் ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதில்லை.

பச்சமுத்து கார் வாங்கியது 2018இல். சென்னையில் ஒரு டாக்டர் ஒன்பது வருடம் ஓட்டிவிட்டு விற்ற வண்டி. உள்ளே ஸ்டீரிங், கியர், கதவுகளின் கைப்பிடி, கைத்தாங்கி, டேஷ்போர்டு எல்லாவற்றின் மேலும் கருப்பாக, மெத்தென்று ஒரு பூச்சு. தொட்டால் கன்றுக்குட்டியின் காதைத் தொட்டதுபோல் இருக்கும். முதல் நாள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பணக்கார வண்டிங்கய்யா" என்று தங்கதுரை சொன்னார். பச்சமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்புறம் கொரோனா வந்தது.

ஊரே கையைத் துடைத்தது, கதவைத் துடைத்தது, கத்திரிக்காயைக்கூடத் துடைத்தது. அதில் தப்பில்லை. பச்சமுத்துவின் மனைவி பாப்பாத்தி அம்மாளும் ஐந்து லிட்டர் கேனில் சானிடைசர் வாங்கிவைத்துத் துடைத்தார். ஆவணி பிறந்ததும் ஊருக்குப் பயம் தெளிந்தது. முகக்கவசம் தாடைக்கு இறங்கியது. பால்காரர் கையைத் துடைப்பதை விட்டார். பாப்பாத்தி அம்மாளின் தம்பி மகன் தமிழ்வேந்தன், டிப்ளமோ முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் அதே காரை எடுத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டை வரை சுற்றிவிட்டு வந்தான். அவன் இறங்கியபின் யாரும் எதையும் துடைக்கவில்லை.

ஒரு துடைப்பு மட்டும் நிற்கவில்லை. மாலையில் தங்கதுரை வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியதும் பாப்பாத்தி அம்மாள் கேனும் துணியுமாக வருவார். ஸ்டீரிங், கியர், கை பிரேக், ஓட்டுநர் பக்கக் கதவு, கண்ணாடி ஏற்றும் பொத்தான், டேஷ்போர்டு என்று நன்றாக அழுத்தித் துடைப்பார். தங்கதுரை அதைப் பார்க்காததுபோல் செருப்பை மாட்டிக்கொண்டு போவார். பார்க்காததுபோல் இருப்பதில் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பயிற்சி உண்டு.

டேஷ்போர்டின் நடுவில் உள்ளங்கை அளவு முருகன் சிலை ஒன்று ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி ஒரு சாண் இடத்துக்குப் பாப்பாத்தி அம்மாளின் துணி போகாது. "சாராய வாட அடிக்கிது இந்தத் தண்ணி. இத்தப் போயி சாமிகிட்ட கொண்டாறதா?" என்பார்.

ஐப்பசியில் ஸ்டீரிங் பிசுபிசுக்கத் தொடங்கியது. முதலில் மதிய வெயிலில் மட்டும். பிறகு காலையிலும். கியரைப் பிடித்தால் உள்ளங்கையில் கரி ஒட்டியது. கதவுக் கைப்பிடியில் விரலை வைத்து எடுத்தால் ரேகை அப்படியே பதிந்து நின்றது. முன்சீட்டுப் பக்கம் குனிந்து எதையோ எடுத்த பச்சமுத்துவின் வெள்ளைச் சட்டையில் கருப்புக் கோடு விழுந்த அன்றுதான் வீட்டில் விசாரணை நடந்தது.

"மாமா, பின்னாடி சீட்டுப் பக்கம் நல்லாத்தான கீது? டிரைவர் பக்கம் மட்டும் ஏன் ஒட்டுது?" என்று தமிழ்வேந்தன் கேட்டான். "சில பேரு வேர்வைல ஆசிட் ஜாஸ்தி மாமா. ஃபோன்ல ஒரு வீடியோ பாத்தேன்."

"நீயும்தான ஞாயித்துக்கெழம ஓட்டுற?" என்றார் பச்சமுத்து.

"என் கையும் அவங்கையும் ஒண்ணா மாமா?"

தன்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை அவன் "அவன்" என்றது அந்த வீட்டில் யார் காதிலும் உறுத்தவில்லை. பாப்பாத்தி அம்மாள், "சாமிகிட்ட மட்டும் பாருங்க, புதுசு மாதிரியே கீது. அங்க எதுவும் அண்டல பாத்தீங்களா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். உண்மைதான். சிலையைச் சுற்றிய ஒரு சாண் இடம் மட்டும் கன்றுக்குட்டியின் காதாகவே இருந்தது. அன்றிலிருந்து அவர் ஒரு வேளைத் துடைப்பை இரண்டு வேளையாக்கினார்.

இதைக் கேட்டு அந்த வீட்டார்மேல் கோபப்படுவது சுலபம். கொடுமை வேறு இடத்தில் இருந்தது. தங்கதுரை அதை நம்பினார்.

கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். எலுமிச்சைத் தோலால் தேய்த்தார். ஸ்டீரிங்குக்கு முகப்பவுடர் போட்டுப் பார்த்தார். அரை நாள் தாங்கியது. தேங்காய் எண்ணெய் தடவினார். ஒரு நாள் பளபளத்துவிட்டு மறுநாள் சாலைப் புழுதியெல்லாம் அதில் வந்து உட்கார்ந்துகொண்டது. மகளின் நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடக்கூட மாட்டேன் என்றார். "கை ஆவாது பாப்பா, அம்மாகிட்ட குடு."

அவர் மனைவி ஜெயசுதா சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தார். "பதினாலு வருசமா இந்தக் கையப் புடிச்சிக்கினு கீறன். எனக்கு ஒட்டலியே? ஒட்டியிருந்தாதான் உருவிக்கினு ஓடியிருப்பனே."

"சிரிக்காத. வண்டி ஒட்டுது இல்ல?"

"வண்டிக்கு இன்னா கேடோ. உனுக்குன்னா எவன் எத்தச் சொன்னாலும் தல ஆடுது."

நூறு வருடம் உன் கை தீட்டு என்று சொல்லிக்கொண்டே இருந்தால், நூற்றோராவது வருடம் ஒரு ரப்பர் பூச்சு உருகினாலும் அந்தக் கை தன்னையே பார்த்துக்கொள்ளும். சட்டம் தீண்டாமையை ஒழித்து எழுபது வருடமாகிறது. உள்ளங்கையைப் பார்த்துக் கூனிக் குறுகும் அந்தப் பார்வையை எந்தச் சட்டம் ஒழிக்கும்?

அந்த மார்கழியில் பச்சமுத்துவின் சாதிக்காரர்கள் மாவட்டம் முழுக்க இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடத்தினார்கள். படிப்பிலும் வேலையிலும் தங்கள் மக்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கிராம அலுவலகம், தாலுகா அலுவலகம் என்று கூட்டம் கூட்டமாக மனு கொடுக்கப் போனார்கள். பச்சமுத்து முன்வரிசை ஆள். அவருடைய அப்பா எண்பத்தேழில் இதே கோரிக்கைக்காகச் சாலையில் படுத்து, போலீஸ் தடியில் முழங்கால் உடைந்து, சாகும்வரை நொண்டியவர். தமிழ்வேந்தனுக்கு வேலை கிடைக்காத வயிற்றெரிச்சலும் சேர்ந்திருந்தது. நிலம் இருந்தும் படிப்பு எட்டாத வீடுகள் அவர்களுடையவை. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. எண்ணிக்கைக்குத் தக்க பங்கு கேட்பவனைக் கேலி செய்கிறவன், தன் பங்கை முன்பே மடியில் கட்டிக்கொண்டவனாகத்தான் இருப்பான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்டம். தங்கதுரை வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். ஒலிபெருக்கியில் பச்சமுத்துவின் குரல் கரகரத்தது: "நாங்க பிச்ச கேக்கல! எங்க பங்கக் கேக்குறோம். எங்களயும் மனுசனா மதிங்கன்னு கேக்குறோம்!" தங்கதுரைக்கு மயிர்க்கூச்செறிந்தது. யாரும் பார்க்காதபோது அவரும் கை தட்டினார்.

திரும்பும்போது பச்சமுத்து நல்ல மனநிலையில் இருந்தார். "உங்காளுங்களுக்கு இன்னாடா தொர, கவர்மெண்டே கையப் புடிச்சித் தூக்கி வுடுது. எங்களத்தான் ஏன்னு கேக்க நாதியில்ல."

தங்கதுரை சிரித்துவைத்தார். அன்று மாலையும் கேன் வந்தது, துணி வந்தது.

அடுத்த வாரம் பாப்பாத்தி அம்மாள் ஒரு பெட்டியை முன்சீட்டில் வைத்தார். டாக்டர்கள் போடும் மெல்லிய ரப்பர் கையுறை. "இத்தப் போட்டுக்கினு ஓட்டு. வண்டியாவது மிஞ்சட்டும்."

தெரிந்த வியாபாரி ஒருவர் வீட்டுத் துக்கத்துக்குப் பச்சமுத்துவைக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்கு அழைத்துப்போய்விட்டு இறங்கும்போது அந்தக் கையுறையோடுதான் தங்கதுரை ஓட்டினார். கொண்டையூசி வளைவு. ஸ்டீரிங்கைச் சுற்றி, கையை விட்டுப் பிடிக்க வேண்டிய நேரத்தில், கையுறை ஸ்டீரிங்கில் அப்பிக்கொண்டது. உள்ளே வேர்த்திருந்த கை அதிலிருந்து வழுக்கியது. வண்டி நேராகப் போனது. பிரேக்கை மிதித்தார். முன்சக்கரம் சாலையை விட்டு மண்ணில் இறங்கி நின்றது. அதற்கு அப்பால் தரை இல்லை, கீழே மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

பச்சமுத்து இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தார். அரை பாட்டில் தண்ணீரைக் குடித்தபின்தான் பேச்சு வந்தது.

"தொர, உம்மேல எனக்குக் கோவம் இல்லடா. ஆனா உயிர் பயம் இருக்குது. தை பொறந்ததும் நீ நின்னுக்கோ. தமிழு ஓட்டிப்பான்."

"டிராக்டராவது ஓட்றேங்கய்யா."

"அதும் வேணாம். அதுலயும் ஸ்டீரிங் கீதே."

செய்தி காரைவிட வேகமாக ஊர் வந்தது. திருநாவலூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலைக்காரர் முன்பு இரண்டு முறை ஆள் அனுப்பி, தங்கதுரையை ஓட்டுநராகக் கேட்டவர். இப்போது தங்கதுரையே போய்க் கேட்டபோது, "உங்கையில எதோ கோளாறாமேப்பா?" என்று அவர் உள்ளே போய்விட்டார். வேலை போவது ஒன்று. கையே வீண் என்று பெயர் எடுப்பது வேறு. ஓட்டுநருக்குக் கையைத் தவிர வேறு முதல் ஏது?

போகிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பொங்கல் பூசைக்காக வண்டியைக் கழுவி ஒப்படைக்கச் சொன்னார்கள். அது தங்கதுரையின் கடைசி வேலை. கச்சிராயபாளையம் சாலையில் இருக்கும் வாட்டர் சர்வீஸ் கொட்டகைக்கு ஓட்டிப்போனார். அங்கே காரின் உள்வேலை முழுக்கச் செவ்வந்தியின் கையில். வெள்ளிமலைக்கு மேலே ஒரு சிற்றூரிலிருந்து இறங்கிவந்த மலைக்காரப் பெண். சீட்டைக் கழற்றுவது, தரையை உறிஞ்சுவது, டேஷ்போர்டைத் துலக்குவது எல்லாம் அவர் ஒருவரே.

செவ்வந்தி ஸ்டீரிங்கில் விரலை வைத்தார். எடுத்தார். முகர்ந்தார். சிரித்தார்.

"இன்னாண்ணா இது, எண்ண தடவினீங்களா? பலாப்பாலு ஒட்டிச்சின்னா எண்ண போட்டா போவும். இது பலாப்பாலா?"

"என் கை வேர்வ அப்பிடிம்மா" என்றார் தங்கதுரை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாரு சொன்னது?"

சொன்னார். வேர்வை, ஆசிட், கையுறை, மலைவளைவு எல்லாவற்றையும் சொன்னார். செவ்வந்திக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணா, மேல பூசியிருக்கறது ரப்பர் மாதிரி ஒரு சாயம். பத்து வருசம் வெயில்ல வெந்தா தானா இளகும். நம்ம ஊரு வெயிலுக்குக் கேக்கணுமா? அதுலயும் சானிடைசரப் போட்டுத் தேச்சா சீக்கிரம் அழுவிப் பூடும். கொரோனாவுக்கு அப்பறம் மாசத்துக்கு நாலு வண்டி இப்பிடி வருது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்துலருந்து ஒரு பெரிய அதிகாரி வண்டி வந்திச்சி. அவரு கை இன்னா, உங்க கையா?"

தங்கதுரை வண்டியையே பார்த்தார். பிறகு முன்கதவைத் திறந்து, முருகன் சிலைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். ஒட்டவில்லை. எடுத்து மறுபடியும் வைத்தார். ஃபோனை எடுத்துப் பச்சமுத்துவை அழைத்தார். "ஐயா, ஒரு நட கொட்டாய்க்கு வந்துட்டுப் போங்கய்யா. கடேசியா கேக்குறன்."

பச்சமுத்து தமிழ்வேந்தனின் பைக்கில் வந்து இறங்கினார். செவ்வந்தி நாற்காலி போடவில்லை. நேராகப் பின்கதவைத் திறந்தார். இடது பக்கக் கைத்தாங்கி. பச்சமுத்துவின் மகள் கல்யாணமாகிப் போனபின் அந்தப் பக்கம் யாரும் உட்காருவதில்லை.

"ஐயா, இங்க இவரு கை பட்டிருக்குமா?"

"அவன் ஏன் பின்னாடி குந்தறான்?"

"தொட்டுப் பாருங்க. நல்லா கீதா?"

"கீது."

செவ்வந்தி ஒரு வெள்ளைத் துணியையும் சானிடைசர் பாட்டிலையும் நீட்டினார். "நீங்களே தேயுங்க. உங்க கையாலயே. எங்க கை பட வேணாம்."

பச்சமுத்து தேய்த்தார். பத்துத் தேய்ப்பில் துணி சாம்பல் நிறமானது. முப்பதில் கரியானது. "இப்பத் தொடுங்க" என்றார் செவ்வந்தி. தொட்டார். விரல் ஒட்டியது. இழுத்தபோது மெல்லிய நூலாக வந்தது.

"இது யாரு வேர்வைங்க?"

பச்சமுத்து விரலைத் தேய்த்துப் பார்த்தார். தமிழ்வேந்தன் பேசினான். "அதெல்லாம் சரிக்கா. அப்ப சாமிகிட்ட மட்டும் ஏன் ஒட்டல? அவன் கை அங்க படல, அதான் நல்லாக்கீது. அது சாமி காத்த எடம்."

தங்கதுரை முன்னால் வந்தார். அவர் சொல்லப்போவது எப்படிப்பட்ட வார்த்தை என்று அவருக்குத் தெரியும். இதைவிடச் சின்னக் காரணத்துக்கு ஆட்களைக் கோயில் வாசலில் விழவைத்த ஊர் அது. ஆனாலும் சொன்னார்.

"அங்கதாங்கய்யா என் கை ஜாஸ்தி பட்டிருக்குது. பிரேக் போட்டா அந்தச் சில ஆடிக்கினு வுழும். ரெண்டு வருசமா தெனம் காலைல அத்த எடுத்துத் தொடச்சி, கீழத் தொடச்சி, அழுத்தி ஒட்ட வெக்கிறவன் நாந்தான். உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்கன்னு சொல்லல. என் கையி வெஷமா இருந்தா மொதல்ல அந்த எடந்தான் வெந்துருக்கணும். அங்க படாதது என் கை இல்லீங்க. அம்மாவோட சானிடைசர்."

தமிழ்வேந்தன், "மாமா, சாமியத் தொட்டிருக்கிறான் மாமா" என்றான்.

"சும்மா இர்றா" என்றார் பச்சமுத்து.

அவர் அந்தத் துணியின் சுத்தமான முனையை நனைத்தார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முருகன் சிலைக்குப் பக்கத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு, தேய்த்தார். கொஞ்சம் தயங்கினார், மறுபடியும் தேய்த்தார். துணி கருத்தது. சாமி காத்த இடமும் மற்ற இடங்களைப்போலவே ஒட்டியது.

இந்த ஒரு காட்சிக்காகப் பச்சமுத்துவை மெச்சத்தான் வேண்டும். பட்டம் வாங்கியவர்கள்கூடத் தம் நம்பிக்கையின்மேல் ஒரு துளி சானிடைசர் விட்டுப் பார்க்கப் பயப்படுகிறார்கள்.

அதன்பின் செவ்வந்தி வேலையைத் தொடங்கினார். முதலில் பொத்தான்களின் எழுத்துகள்மேல் டேப் ஒட்டினார். இல்லாவிட்டால் எழுத்தும் சேர்ந்து போய்விடும். பனியன் துணியில் ஸ்பிரிட்டை நனைத்து, உள்ளங்கை அளவு இடமாக, ஒரே திசையில் இழுத்துத் துடைத்தார். துணி கருத்தால் உடனே வேறு துணி. விளிம்புகளுக்குப் பழைய பல் துலக்கும் பிரஷ். "தின்னரு, பெட்ரோலு மட்டும் கிட்டக் கொண்டாந்துடாதீங்க. பிளாஸ்டிக்கே வெந்துடும்" என்றார். தங்கதுரை மறுபக்கம் உட்கார்ந்து கூடவே துடைத்தார். நான்கு மணி நேரம். மெத்தென்ற பூச்சு முழுக்கப் போய், அடியில் இருந்த கெட்டிப் பிளாஸ்டிக் கருகருவென்று வெளியே வந்தது. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து நிழலில் உலரவிட்டார்கள். பழைய மென்மை இல்லை. ஆனால் கை ஒட்டவில்லை.

தமிழ்வேந்தன் பைக்கில் முன்பே போய்விட்டான். தங்கதுரை ஓட்ட, பச்சமுத்து பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஊர் நெருங்கும்போது சொன்னார்.

"நீ நிக்க வேணான்டா. வேலையப் பாரு. பாப்பாத்திகிட்டச் சொல்லிடறன், இனிமே அந்தத் தண்ணியத் தொடக் கூடாது. வண்டி பாழாப் பூடும்."

தங்கதுரை வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அப்பிடிச் சொல்லாதீங்கய்யா."

"பின்ன?"

"வண்டிக்குக் கெடுதின்னு சொன்னீங்கன்னா அம்மா வேற எதுனா வெச்சித் தொடைப்பாங்க. கெடுக்காத தண்ணி கடையில ஆயிரம் விக்கிது. எனக்கோசரம் சொல்லுங்க. ஒரு மனுசன் எறங்குனதும் அவன் பின்னாடியே தொடைக்கிறது தப்புன்னு சொல்லுங்க."

"எனக்கே புத்தி சொல்றியாடா?"

"இல்லீங்கய்யா. நீங்க மைக்குல கேட்டீங்களே, அத்தத்தான் கேக்குறன்."

பச்சமுத்து சன்னலுக்கு வெளியே கரும்புத் தோட்டத்தைப் பார்த்தார். "வண்டிய எடுறா" என்றார். தங்கதுரை அவரை வீட்டில் இறக்கிவிட்டு நடந்தார். மறுநாள் வேலைக்கு வரவில்லை. போகி போனது, பொங்கல் போனது. "போச்சா வேல?" என்று ஜெயசுதா கேட்டார். "போனா போவுது. கை நல்லாக்கீது இல்ல" என்று தங்கதுரை சொன்னார். மகளின் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டு முடித்தார். அரிசி ஆலைக்காரரிடம் போய், செவ்வந்தி சொன்னதையெல்லாம் விளக்கினார். அவர் கேட்டுக்கொண்டார், பிறகு சொல்கிறேன் என்றார்.

பொங்கல் கழிந்து பத்தாம் நாள் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு கொடுக்கும் நாள். காலையில் காலனி முனையில் ஒரு கார் கியர் கடித்துக் கத்தியது. யார் இப்படி ஓட்டுவது என்று தங்கதுரை எட்டிப் பார்த்தார். பச்சமுத்து தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. அந்த வீட்டிலிருந்து யாரும் அதுவரை ஏரிக்கரையைத் தாண்டி வந்ததில்லை, ஆள்தான் அனுப்புவார்கள். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது.

அவர் கதவைத் திறந்து இறங்கி, சுற்றி வந்து, வழக்கமான பின்சீட்டுக்குப் போகாமல், முன்னால் இடது சீட்டில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டன். வண்டிக்காக இல்ல, உனக்கோசரம்னு சொல்லிட்டன். ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல அவ. போதுமா? ஏறு, நேரமாவுது."

"நீங்களும் மன்னிச்சிக்கன்னு ஒரு வார்த்த..." என்று கூட்டத்திலிருந்து ஜெயசுதா தொடங்கினார்.

"உம் பொண்டாட்டி வாயி பெருசுடா" என்றார் பச்சமுத்து. ஆனால் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அந்த மனிதருக்குத் தெரிந்த மன்னிப்பு அன்றைக்கு அவ்வளவுதான். தங்கதுரை ஏறினார்.

மாலையில் திரும்பியபோது பாப்பாத்தி அம்மாள் வாசல் கேட்டில் நின்றார். கையில் கேன் இல்லை. பதினொரு வருடமும் தங்கதுரை சாவியைக் கேட்டின் தூண்மேல்தான் வைப்பார், பாப்பாத்தி அம்மாள் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். அன்று தங்கதுரை சாவியைத் தூண்மேல் வைக்கவில்லை. நீட்டினார். அந்த அம்மாள் தூணைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். தங்கதுரையின் கை இறங்கவில்லை. கடைசியில் இரண்டு விரல் நுனியால் வளையத்தைப் பிடித்து, விரல் படாமல் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

அது போதாது. அவருக்கும் அது தெரிந்திருக்கலாம். அறுபது வருடம் ஊட்டப்பட்டதை ஒரு மாலையில் உமிழ்ந்துவிட முடியாமல் திணறுகிற ஒரு பெண்தான் அவரும். ஆனால் இதைப் படிக்கும் உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் உங்கள் வண்டியை ஓட்டுகிறார், உங்கள் பாத்திரத்தைக் கழுவுகிறார், உங்கள் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவருகிறார். இன்று மாலை அவர் எதையாவது உங்களிடம் கொடுக்க வரும்போது, அங்கே வை என்று மேசையையோ தூணையோ காட்டாதீர்கள். எழுந்து போய், கையை நீட்டி, உள்ளங்கை முழுவதும் பட வாங்குங்கள்.